ஆயிரத்து இருநூறு குஞ்சுகளும் நாற்பத்தாறு மணி நேரமும்

டிகிரி அக்கா பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குப் பெரிய கும்பிடாகப் போட்டுவிட்டு வந்தவள். டிகிரி என்ற பட்டம் அவளுக்குக் கோழிக்குஞ்சு பொரிக்கும் ஹேச்சரியில்தான் கிடைத்தது. அடை மெஷினுக்குள் கையை விட்டு ஒரு முட்டையை எடுப்பாள், கண்ணை மூடி இமைமேல் வைப்பாள், "அரை டிகிரி ஏறிக் கிடக்கு" என்பாள். போய்ப் பார்த்தால் மெஷினும் அதையே சொல்லும். ஒரு தடவை மெஷின் வேறு சொன்னது. கம்பெனியிலிருந்து ஆள் வந்து கழற்றிப் பார்த்து, தப்பு மெஷின்மேல்தான் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனான். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர். வங்கியில் வேலை பார்க்கும் அவள் மகளுக்கு மட்டும் இதில் ஒரு செல்லக் குறை உண்டு. நாலு வருஷம் முட்டி மோதி டிகிரி வாங்கினது நான், பேர் வாங்கினது அம்மா என்பாள்.

டயர் கடைக்கும் ஐஸ் கம்பெனிக்கும் நடுவில் நீளமாகப் படுத்திருக்கும் தகரக் கூரைக் கட்டடம்தான் ஹேச்சரி. வாசலில் மருந்துத் தண்ணீர்த் தொட்டி. அதில் காலை நனைத்து ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டால்தான் உள்ளே விடுவார்கள். முதலாளிக்கும் அதே சட்டம். முதல் அறையில் முட்டை, இரண்டாவது அறையில் பதினெட்டு நாள் அடை, மூன்றாவது அறையில் மூன்று நாள் பொரிப்பு, நான்காவது அறையில் பெட்டி கட்டுவது. இந்த நான்கு அறைகளுக்குள் இருபத்து மூன்று வருஷம் நடந்திருக்கிறாள் டிகிரி அக்கா. கடைசிக் கதவைத் தாண்டினால் அவள் வீட்டுக்காரரின் வேன் நிற்கும். ஹேச்சரி வேனை ஓட்டுவது அவர்தான். குஞ்சுகளை இவள் பெட்டியில் போட, அவர் கொண்டுபோய்ச் சேர்ப்பார். கல்யாணத்துக்குப் பிறகு நாங்கள் சேர்ந்து செய்த ஒரே உருப்படியான காரியம் இதுதான் என்று இருவருமே சொல்லிக்கொள்வார்கள், மகளை எதிரில் வைத்துக்கொண்டே.

கோழிக்குஞ்சு ஓட்டை உடைத்து வெளியே வருமுன் மிச்சமிருக்கும் மஞ்சள் கருவை வயிற்றுக்குள் இழுத்துக்கொள்கிறது. அதுதான் அதன் கட்டுச்சோறு. பிறந்ததிலிருந்து எழுபத்திரண்டு மணி நேரம் வரை தீனியும் தண்ணீரும் இல்லாமல் தாக்குப்பிடிக்கும். அதற்குமேல் ஒவ்வொன்றாகத் தலையைத் தொங்கப்போட ஆரம்பித்துவிடும். குஞ்சு வியாபாரம் முழுக்க இந்த ஒரு எண்ணின்மேல்தான் நிற்கிறது.

டிகிரி அக்காவுக்கு அதில் பயமே இருந்ததில்லை. அவள் வீட்டுக்காரர் ஒரு கணக்கு வைத்திருந்தார்: கிலோமீட்டரை நாற்பதால் வகு, டீக்கு அரை மணி கூட்டு. எந்தப் பண்ணைக்கும் அந்தக் கணக்கு ஒத்துவரும். நானூறு கிலோமீட்டர் என்றால் பத்தரை மணி. அதைப் பின்னாலிருந்து எண்ணி, முட்டையை எந்த நாள் எந்த மணிக்கு மெஷினில் வைக்க வேண்டும் என்று அக்கா முடிவு செய்வாள். வைத்துவிட்டால் வைத்ததுதான். இருபத்தோராம் நாள் குஞ்சு வந்தே தீரும். கொஞ்சம் பொறு என்று முட்டைக்குள் சொல்ல முடியாது.

அப்படி இருக்கும்போதுதான் டீச்சரின் ஆர்டர் வந்தது: ஆயிரத்து இருநூறு குஞ்சு.

கடல் தாண்டிப்போய் நெடுநாள் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து, பிறகு அந்த வேலையை விட்டுவிட்டுக் கோழிப்பண்ணை வைத்தவர் டீச்சர். போன வருஷம் நோய் வந்து மொத்தக் கோழியும் போய்விட்டது. ஏழு மாதமாகக் கொட்டகை காலி. அவர் வளர்த்த இனம் அந்த நாட்டில் கிடைக்கவில்லை. இங்கே அவர் கேட்ட மூன்று ஹேச்சரிகள், அவ்வளவு தூரம் எங்களால் ஆகாது என்று கையை விரித்துவிட்டன. போனில் பேசும்போது டிகிரி அக்காவை மேடம் என்று கூப்பிட்டார். அவளை யாரும் அதுவரை அப்படிக் கூப்பிட்டதில்லை. யாரோ பின்னால் நிற்கிறார்களோ என்று ஒரு கணம் திரும்பிப் பார்த்தாளாம்.

"உயிரோட வந்து சேருமா மேடம்? அதை மட்டும் சொல்லுங்க."

"சேரும் டீச்சர். நான்தானே அனுப்புறேன்."

சொல்லிவிட்டாள். ஹேச்சரியிலிருந்து ஒரு குஞ்சுகூட அதுவரை விமானம் ஏறியதில்லை. அவளும் ஏறியதில்லை.

அன்று சாயங்காலம் மகளிடம், இந்த விமான நிலையத்துக்கும் அந்த விமான நிலையத்துக்கும் எவ்வளவு தூரம் என்று பார்க்கச் சொன்னாள். மகள் செல்போனில் இரண்டு பெயரையும் தட்டினாள். பளிச்சென்று பதில் வந்தது: 9,640 கிலோமீட்டர், பறக்கும் நேரம் 12 மணி 10 நிமிடம். இரண்டு ஊரையும் இணைத்து ஒரு வளைந்த கோடுகூடப் போட்டிருந்தது. வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, விமானத்துக்கு டீ கணக்கு கிடையாது போல என்றார். பன்னிரண்டு மணி நேரம் பறப்பது, சாலைக்கும் சோதனைக்கும் இந்தப் பக்கம் ஆறு, அந்தப் பக்கம் ஆறு. ஆக இருபத்து நான்கு. குஞ்சு பொரிந்து, ஊசி போட்டு, கால்நடை மருத்துவர் பார்த்துக் கையெழுத்துப் போட்டு வேன் ஏறும்போது மூத்த குஞ்சுக்கு முப்பது மணி நேரம் ஆகியிருக்கும். கூட்டினால் ஐம்பத்து நான்கு. பதினெட்டு மணி நேரம் கையில் இருக்கிறது. வெளிநாட்டுக்குப் போகிறதே என்று அன்றைக்கு இட்ட புத்தம்புது முட்டையாகப் பார்த்துப் பொறுக்கி மெஷினில் வைத்தாள்.

பதினெட்டாம் நாள், முட்டைகளைப் பொரிப்பு மெஷினுக்கு மாற்றிக்கொண்டிருந்தபோது, விமானச் சரக்கு புக்கிங் செய்கிற ஆள் பயணத் தாளை அனுப்பினான். முதல் விமானம் ஆறு மணி நேரம். நடுவில் ஒரு விமான நிலையத்தில் பத்தொன்பது மணி நேரம் நிற்க வேண்டும். அடுத்த விமானம் ஒன்பது மணி நேரம். இரு பக்கமும் ஆறாறு மணி நேரத்தையும் சேர்த்தால் வாசலிலிருந்து வாசலுக்கு நாற்பத்தாறு.

டிகிரி அக்கா அவனை அழைத்து, நேர் வண்டி இருக்கும்போது ஏன் இப்படிச் சுற்றிவிடுகிறாய் என்று கேட்டாள். நேராகப் போகிற விமானமே கிடையாதே என்றான் அவன். பன்னிரண்டு மணி பத்து நிமிடம் என்று போனில் போட்டிருந்ததே என்றாள். அவன் சிரிப்பை அடக்கிக்கொண்டு, அது தூரத்தை வேகத்தால் வகுத்துப் போடுகிற எண் என்றும், ஒரு விமானம் நேராகப் போனால் அவ்வளவு ஆகும், ஆனால் போகிற விமானம்தான் இல்லை என்றும் விளக்கினான்.

அக்கா போனை வைத்தாள். சாலையில் தூரம் என்று ஒன்று இருந்தால் அதில் வண்டி போகும். இருபத்து மூன்று வருஷத்தில் அது பொய்த்ததில்லை. போகிற வண்டியே இல்லாத ஒரு பயணத்துக்கு நிமிடம் வரை நேரம் சொல்வார்கள் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? முப்பதும் நாற்பத்தாறும் எழுபத்தாறு. நான்கு மணி நேரம் அதிகம். பெட்டியைத் திறக்கும்போது டீச்சர் என்ன பார்ப்பார் என்று நினைத்ததும், கையில் வைத்திருந்த முட்டைத் தட்டை மேசைமேல் வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

முதலாளி நல்ல மனிதர். ரத்து செய்துவிடலாம், உள்ளூரில் தள்ளிவிடலாம் என்றார். வீட்டுக்காரர்தான் வேன் கதவில் சாய்ந்தபடி ஒரு வார்த்தை சொன்னார்.

"பயணத்தைச் சுருக்க முடியாது. குஞ்சோட வயசைச் சுருக்க முடியுமா, பாரு."

முடியும் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. புது முட்டை சீக்கிரம் பொரியும். இட்டபின் குளிர் அறையில் கிடந்த முட்டை, கிடந்த ஒவ்வொரு நாளுக்கும் ஒரு மணி நேரமாவது பிந்தும். பெரிய முட்டை இன்னும் பிந்தும். அதே இனத்தில், அதே நாளில் மெஷினில் வைத்த இன்னொரு வரிசை இருந்தது. எல்லாம் ஆறேழு நாள் கிடந்த பெரிய முட்டைகள். அது உள்ளூர்ப் பண்ணைக்காரர் ஒருவருக்கு. தானே நல்லது என்று நினைத்துப் பொறுக்கிய புது முட்டைதான் காலை வாரியது. கழித்துக்கட்டிய முட்டைதான் இப்போது கைகொடுக்க வேண்டும்.

அந்தப் பண்ணைக்காரருக்கு ஊரில் சந்தேகம் அண்ணன் என்று பெயர். தராசில் தன்னையே ஏற்றிப் பார்த்துவிட்டுத்தான் தராசை நம்புவார். இவள் தேடிப் போன அன்றைக்குப் பல்வலி வேறு. கன்னம் வீங்கி, கைக்குட்டையால் தாங்கிப் பிடித்திருந்தார். அக்கா விஷயத்தைச் சொன்னாள்: உங்கள் முட்டையை எனக்குக் கொடுங்கள், வெளிநாட்டுக்கு வைத்த புது முட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் குஞ்சு அரை நாள் முன்னதாகவே வந்துவிடும். வெள்ளிக்கிழமையே கொட்டகையைச் சூடாக்கி வைக்க வேண்டும்.

"எனக்கு நல்லதைக் குடுத்துட்டு மட்டத்தை நீ எடுத்துக்கிறியா? இதுல எங்கேயோ இடிக்குதே தங்கச்சி."

"இடிக்குது அண்ணே. தப்பு என்னோடது. நேரத்தைத் தப்பாக் கணக்குப் போட்டுட்டேன். குஞ்சு செத்துரும்."

சந்தேகம் அண்ணன் அவள் முகத்தை வெகுநேரம் பார்த்தார். வெள்ளிக்கிழமைதான் பல் பிடுங்க நாள் கொடுத்திருக்கிறார்கள் என்று முனகினார். அடுப்பு மூட்டவும் குஞ்சை இறக்கவும் வீட்டில் வேறு ஆள் இல்லை. கடைசியில், பல் எங்கேயும் ஓடிப்போகாது என்று சொல்லிவிட்டு, வலித்த கன்னத்தோடு விறகைத் தூக்கப் போய்விட்டார். எதற்கும் புது முட்டைதானா என்று நேரில் வந்து பார்க்கவும் தவறவில்லை. அக்காவும் மூன்று தட்டை எடுத்துக் காட்டினாள். மனதுக்குள் அவருக்கு ஆயிரம் கும்பிடு.

சனிக்கிழமை விடிந்ததும் பொரிப்பு மெஷினைத் திறந்தார்கள். வெள்ளிக்கிழமை இரவு பத்து மணிக்குப் பிறகு பிறந்தது மட்டும்தான் விமானத்துக்கு. பிறந்த நேரத்தைக் குஞ்சு எழுதியா வைத்திருக்கும்? டிகிரி அக்கா ஒவ்வொன்றாகக் கையில் எடுத்தாள். உடம்பெல்லாம் பஞ்சாகப் பூத்திருந்தால் மூத்தது, தள்ளு. கழுத்தடியில் இன்னும் ஈரம் ஒட்டியிருந்தால் இளசு, வை. சிறகு நுனியை விரித்துப் பார்ப்பாள், தொப்புளைத் தடவிப் பார்ப்பாள். பெட்டி கட்டும் பெண்கள் நான்கு பேரும் அன்று சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை. மருத்துவர் சொன்ன நேரத்துக்கு அரை மணி முன்பே வந்து, தன் பங்குக்குக் குனிந்து நின்று ஈரம் பார்த்தார். பெட்டிக்குள் ஒரு அறைக்கு இருபத்தைந்து, ஒரு பெட்டிக்கு நூறு, பன்னிரண்டு பெட்டி. வழிச் சேதாரத்துக்குப் பெட்டிக்கு இரண்டு கூடுதல், ஆக மொத்தம் ஆயிரத்து இருநூற்று இருபத்து நான்கு. தாகத்துக்கு அறைக்கு ஒரு கரண்டி தண்ணீர் ஜெல். மாலை ஆறு மணிக்கு வேன் கிளம்பியது. மூத்த குஞ்சுக்கு அப்போது இருபது மணி நேரம். இருபதும் நாற்பத்தாறும் அறுபத்தாறு. ஆறு மணி நேரம் கையிருப்பு.

பெட்டிகள் எந்த ஊர் வானத்தில் இருந்தாலும் அக்கா ஹேச்சரிச் சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே இப்போது மணி வேறு அம்மா என்றாள் மகள். குஞ்சுக்கு எந்த ஊர் மணியும் தெரியாது, பிறந்த மணி ஒன்றுதான் என்று சொல்லி வாயை அடைத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பெட்டிகள் நடு விமான நிலையத்தில் இறங்கிவிட்டதாகத் தகவல் வந்தது. பத்தொன்பது மணி நேரம் அங்கே கிடக்கப்போகின்றன. அக்காவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. பட்டினிக்கு ஆறு மணி நேரம் கையில் இருக்கிறது. புழுக்கத்துக்கு அப்படி ஒன்றும் கிடையாது. பெட்டியை ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கி அடுக்கினால் குஞ்சுகளின் சூடே குஞ்சுகளைக் கொல்லும். புக்கிங் ஆளை நச்சரித்து அந்த ஊர்ச் சரக்குக் கொட்டகையின் எண்ணை வாங்கினாள். அவளுக்கு இங்கிலீஷ் வராது. மகள் ஹேச்சரி ஆபீசில் உட்கார்ந்து, ஏழெட்டுப் பேர் கை மாறி, கடைசியில் மிருகங்களைப் பார்த்துக்கொள்ளும் ஷெட்காரரைப் பிடித்தாள்.

நாய், பூனை, குதிரை எல்லாம் பழக்கம், குஞ்சு எனக்குப் புதுசு என்றார் அவர். பெட்டி நன்றாக இருக்கிறதா என்று கேட்டதற்கு நன்றாக இருக்கிறது, நேர்த்தியாக அடுக்கி வைத்திருக்கிறோம் என்றார். நேர்த்தியாக என்றால் நெருக்கமாக என்று அக்கா புரிந்துகொண்டாள்.

"சத்தம் எப்படி இருக்குன்னு கேளு" என்றாள்.

மகள் கேட்டுவிட்டு, "ரொம்ப அமைதியா இருக்காம்மா" என்றாள்.

அக்கா எழுந்து நின்றுவிட்டாள். போனைப் பெட்டிப் பக்கத்தில் வைக்கச் சொல் என்றாள். ஷெட்காரர் ஏன் என்று கேட்கவில்லை. சரசரவென்று அட்டை உரசும் ஓசை. பிறகு அவ்வளவு தூரத்திலிருந்து குஞ்சுகளின் குரல் அந்த ஆபீசுக்குள் வந்தது. சுகமாக இருக்கிற நூறு குஞ்சு ஓயாமல் தணிந்த குரலில் பேசிக்கொண்டிருக்கும். குளிர்ந்தால் நீளமாக, கூர்மையாகக் கத்தும். இது இரண்டுமில்லை. அங்கங்கே ஒரு கீச்சு, நடுவில் வெறுமை. பாதிக் குரலைக் காணோம். காணாமல் போன குரலெல்லாம் வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிறது என்று அவளுக்குத் தெரியும்.

"வெந்துக்கிட்டிருக்கு. அடுக்கைக் கலைக்கச் சொல்லு. பெட்டிக்குப் பெட்டி ஒரு முழம் விடச் சொல்லு. காத்தாடி நேரா அடிக்கக் கூடாது, சுவத்தைப் பார்த்துச் சுத்தட்டும்."

மகள் சொல்லச் சொல்ல அவர் செய்தார். தனி ஆள். பன்னிரண்டு பெட்டியையும் பிரித்து, தரையில் வைக்காமல் குதிரைத் தீவனக் கட்டுகளின்மேல் பரப்பினாராம். போனை வைக்கவே இல்லை. சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அவர் மூச்சிரைப்பதும் பெட்டி நகர்வதும் இங்கே கேட்டுக்கொண்டிருந்தது. வீட்டுக்காரர் ஒன்றும் செய்யத் தோன்றாமல் நாற்காலியை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார். இருபது நிமிடம் கழித்து ஷெட்காரர் மறுபடி போனைப் பெட்டியோடு வைத்தார். முதலில் ஒன்றிரண்டு. பிறகு மெல்ல மெல்ல, சந்தை கூடுகிற மாதிரி, அந்தத் தணிந்த பேச்சு திரும்பியது. அக்கா கையால் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டாள். மகளும் கேட்டாள். அம்மாவின் வேலையை அவள் அன்றுதான் முதல் தடவையாகக் கேட்டாள்.

ஷெட்காரர் தன் வேலை நேரம் முடிந்தும் போகவில்லை. விமானத்தில் ஏற்றும்வரை இரண்டு மணிக்கு ஒரு தடவை பெட்டிச் சத்தத்தைப் பதிவு செய்து அனுப்பிக்கொண்டே இருந்தார். யாரும் அவரை அப்படிச் செய்யச் சொல்லவில்லை.

திங்கட்கிழமை மாலை நான்கரை மணிக்கு டீச்சரின் வீடியோ அழைப்பு வந்தது. ஹேச்சரியில் எல்லோரும் சுற்றி நின்றார்கள். டீச்சர் செல்போனைத் தரைப் பக்கம் திருப்பினார். விளக்கு வெளிச்சத்தில் மஞ்சள் மஞ்சளாகக் கொட்டகை நிறைய ஓட்டம். ஒரு குஞ்சு தண்ணீரில் அலகை வைத்து, தலையை நிமிர்த்தி விழுங்கியது. செத்தது ஒன்பது. மீதி ஆயிரத்து இருநூற்றுப் பதினைந்தும் நடந்துகொண்டிருந்தன.

"சொன்ன மாதிரியே அனுப்பிட்டீங்க மேடம்" என்றார் டீச்சர்.

"நான் தப்பாத்தான் அனுப்பினேன் டீச்சர். வழியில இருந்தவங்க சரியாக் கொண்டுவந்து சேர்த்துட்டாங்க" என்று சொல்லி, டிகிரி அக்கா எல்லாவற்றையும் விட்டுவிடாமல் ஒப்பித்தாள்: பன்னிரண்டு மணி பத்து நிமிடத்தை, வீங்கிய கன்னத்தை, ஈரம் பார்த்த மருத்துவரை, சாப்பிடாமல் இருந்த நான்கு பெண்களை, சட்டைப் பைக்குள் இருந்த போனை. அங்கே குஞ்சுகள் பேசிக்கொண்டிருந்தன.

அந்த அழைப்பு முடிந்ததும் சந்தேகம் அண்ணனுக்குச் சொன்னாள். பல் அன்று காலையில்தான் போயிருந்தது. பஞ்சை அடக்கிய வாயோடு, ஒன்பது சரிதானா, இரண்டாம் தடவை எண்ணினார்களா என்றார். பிறகு மகளிடம் ஷெட்காரரைக் கூப்பிடச் சொன்னாள். மகள் எண்ணிக்கையைச் சொன்னாள். பதினாறு வருஷமாக இந்தக் கொட்டகையில் எத்தனையோ உயிரை ஏற்றி அனுப்பியிருக்கிறேன், போய்ச் சேர்ந்தது என்று இதுவரை யாரும் கூப்பிட்டுச் சொன்னதில்லை என்றார் அவர். மகள் இதைத் தமிழில் சொல்லும்போது கொஞ்சம் தடுமாறினாள்.

அக்காவுக்கு நன்றி என்பதை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. உங்களுக்கு ஏதாவது வேண்டுமா என்று கேள் என்றாள், கையில் இருக்கிற எதையும் எடுத்துக் கொடுத்துவிடுகிறவளைப் போல.

மகள் கேட்டுவிட்டுச் சிரித்தாள். "அடுத்த தடவை குஞ்சு வந்தா அவரே கண்டுபிடிக்கணுமாம். சூடுன்னா எப்படிச் சத்தம், குளிர்னா எப்படிச் சத்தம்னு சொல்லித் தரணுமாம்."

"அதைச் சொல்லித் தர முடியாதே. கத்தித்தான் காட்டணும்."

"காட்டு."

முதலாளி கதவருகில் நின்றார். வீட்டுக்காரர் நின்றார். பெட்டி கட்டும் பெண்கள் நான்கு பேரும் நின்றார்கள். டிகிரி அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, போனை வாயருகே பிடித்து, முதலில் குளிர்ந்த குஞ்சாகக் கத்தினாள். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கட்டைக் குரல் அதைத் திருப்பிக் கத்தியது. ஆபீஸே குலுங்கிச் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

"இன்னும் கொஞ்சம் நீளமா இழுக்கச் சொல்லு" என்றாள் மகளிடம். "இப்போ அவர் கத்தினது பசிக்குதுன்னு."